பெரியகுளத்துப் பெரும்பள்ளி



விடுமுறைக்குத் திருகோணமலை போகிறவர்கள் கோணேசர் கோவிலில் கும்பிடுகிறோம், கன்னியா வெந்நீரூற்றில் குளிக்கிறோம், திரும்பிவிடுகிறோம். கன்னியாவைத் தாண்டி ஹொரவப்பொத்தானை வீதியில் போய் உள்ளே திரும்பினால் பெரியகுளம் வரும். அதன் பக்கத்தில் இருக்கிறது வெல்கம் விகாரை. நம் ஆட்கள் நாதனார் கோவில் என்று சொல்லிவந்த இடம் அதுதான். போர்க்காலத்தில் நினைத்தபோது போகக்கூடிய இடமாக அது இருக்கவில்லை. அண்மையில்தான் எனக்கு வாய்த்தது.

இடிந்த செங்கற் சுவர்கள். நடுவே நின்ற கோலத்தில் புத்தர். கீழே அடித்தளத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோவில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது புதிதல்ல. அதன் திராவிடக் கட்டட மரபை, தொல்லியல் அறிஞர் செனரத் பரணவிதானவே எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுகள் பத்துக்கும் மேல். சோழர் 993-இல் அநுராதபுரத்தை வீழ்த்தினார்கள். விகாரைகள் சூறையாடப்பட்டதை இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் பதிவு செய்திருக்கிறது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே சோழர் ஆட்சியில் இந்த விகாரை பேணப்பட்டது, 'இராஜராஜப் பெரும்பள்ளி' என்று பெயரும் பெற்றது; பள்ளி என்றால் இங்கே பௌத்த விகாரை. தமிழர்கள் இங்கே விளக்குக்குக் கொடை கொடுத்தார்கள், மாடு கொடுத்தார்கள். ஏன் மாடு? நந்தா விளக்கு அணையாமல் எரிய நெய் வேண்டும். மந்தையை ஒப்படைத்துவிட்டால், கொடுத்தவர் காலத்துக்குப் பிறகும் நெய் வந்துகொண்டிருக்கும். சோழ நாட்டுச் சிவன் கோவில்களில் இருந்த அதே ஏற்பாடு, அதே தமிழ் நடை. விளக்கு மட்டும் புத்தர் முன்னால் எரிந்தது.

கடலுக்கு அப்பால் நாகப்பட்டினத்திலும் ஓர் இராஜராஜப் பெரும்பள்ளி இருந்தது. ஸ்ரீவிஜய மன்னர்கள் எழுப்பிய அந்தச் சூடாமணி விகாரைக்கு, தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய அதே இராஜராஜன் ஆனைமங்கலம் ஊரின் வருவாயை எழுதிவைத்தான். 1867-இல் அந்த விகாரையின் கடைசிக் கோபுரத்தையும் இடித்துவிட்டார்கள். அதனால்தான் பெரியகுளத்தில் எஞ்சி நிற்பது எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

வடக்கு கிழக்கில் புதிதாக ஒரு புத்தர் சிலையைக் கண்டால் நம் மனம் இறுகிப்போகிறது. பட்டவர்கள் நாம், அந்த வலி பொய்யில்லை. அந்த வலியால் நம் முன்னோரின் கொடையைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம். தமிழர்களில் பௌத்தர்களும் இருந்தார்கள். பௌத்தக் காப்பியமான மணிமேகலையைப் பாடத்தில் வைத்திருக்கும் நாம், அந்தக் கல்வெட்டுகளை மட்டும் ஏன் அடுத்தவர் சொத்து என்று நினைக்க வேண்டும்?

நம் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். நம் தமிழ்ப் பள்ளியின் வரலாற்றுப் பாடத்தில் பெரியகுளத்துக் கல்வெட்டு ஒன்றையாவது சேருங்கள். அடுத்த விடுமுறையில் கன்னியாவோடு திரும்பிவிடாமல், பிள்ளைகளை அங்கேயும் கூட்டிப் போங்கள். வழிபாடு நடக்கும் இடம், செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையோடு போக வேண்டும். கல்லில் இருப்பது பழைய எழுத்து. இப்போதே படிக்கப் பழக விரும்பும் பிள்ளைகள் விழா முடிந்ததும் என்னிடம் வாருங்கள், சொல்லித் தருகிறேன்.