கொடை எந்தக் கணக்கில் எழுதப்படுகிறது?



நிறுவனங்கள் அளிக்கும் கொடைக்கும் அவை ஈட்டும் இலாபத்துக்கும் உள்ள உறவு என்பது இன்றைய பொழிவின் பொருள். வணிகவியல் மாணவர்க்கு மட்டும் உரிய தலைப்பு என்று இதனை எண்ண வேண்டா. கோலா சாவா போன்ற தோட்டப்புற ஊர்களில் நம் முன்னோர் வாழ்ந்த லயமும், பிள்ளைகள் படித்த பள்ளியும், விழா எடுத்த கோயிலும் கம்பெனி நிலத்தின்மேல் நின்றவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பின்னரும் பல இடங்களில் அந்நிலை மாறவில்லை. கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார், எதுவரை கொடுப்பார் என்ற வினா நம் வாழ்வோடு ஒட்டியது.

கொடுக்கும் நிறுவனம் கூடுதலாக ஈட்டுகிறதா? மேலைநாட்டு ஆய்வாளர் இதனை நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். 1972 முதல் 2002 வரை வெளிவந்த 127 ஆய்வுகளை மார்கோலிஸ், வால்ஷ் என்னும் இருவர் 2003-இல் தொகுத்து நோக்கினர். அவை கொடையை மட்டுமன்றிச் சமூகப் பொறுப்பு முழுவதையும் அளந்தவை. சமூகப் பொறுப்பால் இலாபம் வளர்கிறதா என்று பார்த்த ஆய்வுகளுள் ஏறத்தாழப் பாதி நன்மை உண்டு என்றன. தீமை என்றவை மிகச் சில. எஞ்சியவை தெளிவாக எதையும் கூறவில்லை. அளவீட்டு முறைகளில் குறைகள் மலிந்திருந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை.

முதன்மையான இடர்ப்பாடு ஒன்று உண்டு. கொடுத்ததால் இலாபம் வந்ததா, இலாபம் வந்ததால் கொடுத்தார்களா? தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு இவ்வினா புதிதன்று. ரப்பர் விலை ஏறிய ஆண்டில் திருவிழாவுக்குத் துரை தாராளமாக எழுதுவார். இறங்கிய ஆண்டில் கிராணி கையை விரிப்பார். இங்கே இலாபம் முன்னது, கொடை பின்னது. இரண்டும் சேர்ந்து ஏறுவதையும் இறங்குவதையும் மட்டும் கண்டு, கொடையே இலாபத்தைத் தந்தது என முடிவு கட்டுவது பிழையாகும்.

கால வரிசையைக் கருதி நடத்திய ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. பாரூக் லெவும் அவருடன் இருவரும் அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்து, கொடை முன்னும் விற்பனை வளர்ச்சி பின்னுமாக அமைவதைக் கண்டனர். ஆனால் அவ்விளைவு வலுவாகத் தோன்றியது, பொதுமக்களிடம் நேரடியாக விற்கும் தொழில்களிலேதான். வாடிக்கையாளர் கடைக்கு வந்து பெயரைப் பார்த்து வாங்கும் பொருளுக்கு நற்பெயர் காசாகிறது. 2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, கொடை ஓர் அளவுவரை பயன் தந்து, அதற்குமேல் போனால் பயன் குறையும் என்றது.

இம்முடிவைத் தோட்டக் கம்பெனிக்குப் பொருத்திப் பார்ப்போம். ரப்பர் பாலை வாங்குவது தொழிற்சாலை. செம்பனை எண்ணெயை வாங்குவது சுத்திகரிப்பு ஆலை. சமையல் எண்ணெய் வாங்கும் இல்லத்தரசி, அது எந்தத் தோட்டத்துப் பழத்திலிருந்து வந்தது, அங்கே பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்றினார்களா என்று கேட்பதில்லை. எனவே நற்பெயர் விற்பனையாக மாறும் வழி இங்கே குறுகியது. தோட்டக் கம்பெனி தானாக வாரி வழங்கும் என்று எதிர்பார்க்க வணிகக் காரணம் குறைவு என்பதே நம் கருத்து.

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகளைக் கம்பெனிகளின் தருமம் எனச் சிலர் இன்றும் கூறுவதுண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பள்ளி இருந்த தோட்டத்தில் குடும்பம் நிலைத்தது. குடும்பம் நிலைத்த தோட்டத்தில் வெட்டு நாள் தவறவில்லை. சட்டக் கடமையும் தொழில் தேவையும் சேர்ந்து எழுப்பியதைக் கொடை என்று அழைத்தல் சொற்குற்றம்.

கொடையையே சட்டமாக்கினால் என்ன? இந்தியா அதனைச் செய்தது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. மஞ்சிராஜு, ராஜகோபால் என்போரின் 2017-ஆம் ஆண்டு ஆய்வு, அச்சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் பங்கு விலை சராசரியாக 4.1 விழுக்காடு சரிந்ததாகக் கணக்கிட்டது. முதலீட்டாளர் அதனை வரியாகவே கண்டனர் போலும். மலேசியாவில் 2007 முதல் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் தம் சமூகப் பணிகளை ஆண்டறிக்கையில் கூற வேண்டும். இவ்வளவு செலவிட வேண்டும் என்ற விதி இல்லை.

இனி நம்மவர் வழக்கம் ஒன்றைச் சற்று விரிவாகக் காண்போம். விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர் உறவின்முறை அமைத்து மகமை என்ற தொகையைத் திரட்டினர். வணிகர் இறக்கும் சரக்கின்மேல் அது விதிக்கப்பட்டது. இலாபம் எவ்வளவு என்று பார்த்துப் பின் கொடுப்பது அன்று அது. மூட்டை வந்து இறங்கியதும் மகமை உண்டு. விருதுநகரில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தது அத்தகைய பொதுப்பணமே. காமராசர் பயின்ற பள்ளி அது. மூட்டை இறங்கும் வரை மகமையும் நிற்காது என்பதால், இலாபம் குன்றிய ஆண்டிலும் ஆசிரியர் சம்பளத்துக்கு வழி இருந்தது.

மலாயாவுக்கு வட்டித் தொழில் செய்ய வந்த நகரத்தாரிடமும் மகமை இருந்தது. அது கோயிலுக்குச் சென்றது. கோயிலில் சேர்ந்த பணம் மீண்டும் வணிகர்க்குக் கடனாகச் சென்றதை டேவிட் ரட்னர் தம் ஆராய்ச்சி நூலில் விளக்குகிறார். ஒழுங்காகக் கொடுப்பவர்க்குச் சந்தையில் நம்பிக்கை பெருகிற்று. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது! கொடைக்கும் தொழில் நலத்துக்கும் உறவு உண்டா என்ற வினாவுக்கு அவ்வணிகர் உண்டு என்றே விடையளித்திருப்பர். ஆயினும் அது ஒருவரையொருவர் அறிந்த கூட்டத்துக்குள் வேலை செய்த முறை. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே தெருவினர். இலண்டனில் பங்குதாரரையும் இங்கே பால்மரத்தையும் வைத்திருந்த கம்பெனிக்கு அத்தகைய கட்டு ஏது?

ஆகவே கொடையின் தொகையை விட, அது கணக்கின் எந்த இடத்தில் எழுதப்படுகிறது என்பதையே நாம் முதலில் கேட்க வேண்டும். ஆண்டு இலாபத்திலிருந்து எழுதப்படும் கொடை அடுத்த ஆண்டு நின்றுபோகலாம். விற்பனையிலிருந்து எழுதப்படுவது மகமைபோல் சற்று உறுதியானது. சொத்திலிருந்து எழுதப்படுவது, அதாவது நிலம், ஒருமுறை கொடுத்தால் திரும்பாது.

நம் பள்ளிகளின் இடர் இங்கேதான் இருக்கிறது. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டம் துண்டாடப்பட்டதும், மக்கள் நகருக்குப் பெயர்ந்ததும், நிலம் வீடமைப்புக்குப் போனதும் இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள். தனியார் நிலத்தில் நிற்கும் பள்ளி பல ஆண்டுகளாகப் பகுதி உதவி பெறும் பள்ளியாகவே இருந்து வருவதை ஆசிரியர் அறிவர். கணினி கொடுத்த படமும் காசோலை நீட்டிய படமும் ஆண்டறிக்கையில் வரும். பள்ளி நிற்கும் இரண்டு ஏக்கர் யார் பெயரில் உள்ளது என்பது அதில் வராது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டப்படி உரிமையை நிலைநாட்டுவது பதிவேட்டுப் பெயரே. தோட்டம் கைமாறினால் புதிய உரிமையாளர் நிலத்தைப் பெறுகிறார். பழைய மேலாளர் வாய்மொழியாகச் சொன்ன உறுதியைப் பெறுவதில்லை.

ஆயிரம் ஏக்கர் தோட்டத்தில் இரண்டு ஏக்கர் என்பது கம்பெனியின் இலாபத்தை அசைக்காது. நகரம் நெருங்கி வந்த பின் அதே இரண்டு ஏக்கர் பெருந்தொகை ஆகிவிடும். எனவே கேட்க வேண்டிய காலம், நிலம் செம்பனைக்கு மட்டும் பயன்படும் இக்காலமே. எந்த நிலத்தின் பெயரையும் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பெறலாம். பள்ளி வாரியத்தினர் அந்தத் தாளை முதலில் கையில் எடுத்துக்கொண்டு, பிறகு கம்பெனியின் அலுவலகத்துக்குச் செல்லட்டும். மாணவர்களும் அத்தாளை ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.