விரியும் அண்டமும் அதனை அளந்தோரும்



நாம் வாழும் மண் ஒரு பழம்பெரும் ஏடு. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் சூழ்ந்திருந்தது என்பதற்கு இவை சான்றுகள். கல்லைப் படித்து மண்ணின் வரலாற்றை அறிந்த மனிதன், ஒளியைப் படித்து அண்டத்தின் வரலாற்றையும் அறிந்தான். அதனை இன்று காண்போம்.

வானத்துப் பொருள்களின் தொலைவை அளப்பது எங்ஙனம் என்பதே முதற் சிக்கல். அதற்கு வழி கண்டவர் அமெரிக்க நாட்டு ஹென்றியெட்டா லீவிட் அம்மையார். அவர் செவித்திறன் குன்றியவர். ஆர்வர்டு வானாய்வகத்தில் குறைந்த கூலிக்கு ஒளிப்படத் தகடுகளை ஆய்ந்த பெண்களுள் ஒருவர். சில விண்மீன்களின் ஒளி சீராகக் கூடிக் குறையும். அவ்வாறு கூடிக் குறையும் காலம் நீளுந்தோறும் அவற்றின் உண்மையான ஒளியும் மிகுதியாகும் என்று 1912இல் அவர் நிறுவினார். உண்மை ஒளியையும் நமக்குத் தோன்றும் ஒளியையும் ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடும். இந்த அளவுகோலைக் கொண்டே, ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு அப்பாற்பட்ட தனி விண்மீன் திரள் என எட்வின் ஹபிள் மெய்ப்பித்தார்.

அடுத்து வேகம். அரியலூர் நிலையத்தில் நில்லாது செல்லும் விரைவுவண்டியின் ஊதல், நெருங்குகையில் உயர்ந்தும் விலகுகையில் தாழ்ந்தும் ஒலிக்கிறதன்றோ? இதனையொத்த மாற்றம் ஒளியிலும் உண்டு. விலகிச் செல்லும் திரளின் ஒளி சிவப்புப் பக்கம் நகரும். மங்கலான திரள்களின் ஒளியை இரவெல்லாம் கண்விழித்துப் பதிவு செய்தவர் மில்டன் ஹியூமாசன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். மவுண்ட் வில்சன் மலைக்குக் கோவேறு கழுதைகளில் சுமை கொண்டு சென்றவர். பின்னர் அங்கேயே துப்புரவுப் பணியில் அமர்ந்து, தொலைநோக்கியை இயக்கக் கற்றவர். தொலைவு மிகமிக விலகும் வேகமும் மிகுகிறது என்று ஹபிள் 1929இல் வெளியிட்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து லெமெத்ர் என்ற பாதிரியார் 1927இலேயே இம்முடிவை எட்டியிருந்தார்.

இன்று விரிவது நேற்று நெருங்கியிருந்திருக்க வேண்டும். அப்படியாயின் தொடக்கத்தில் அண்டம் பெருவெப்பத்துடன் இருந்திருக்கும்; அவ்வெப்பத்தின் எச்சம் இன்றும் இருக்கும் என ஆல்பரும் ஹெர்மனும் 1948இல் கணித்தனர். 1964இல் பென்சியாசும் வில்சனும் அதனை வானொலி அலைகளாகக் கண்டனர். நம் உதகையில் கோவிந்த் சுவரூப் தலைமையில் 530 மீட்டர் நீளத்தில் அமைந்து 1970இல் செயற்படத் தொடங்கிய வானொலித் தொலைநோக்கியின் ஆய்வுகளும், அண்டம் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை என்ற முடிவுக்கு வலுச் சேர்த்தன. அண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணக்கு.

விண்மீன்கள் எவற்றால் ஆனவை? இதற்குத் திறவுகோல் தந்தவர் மேகநாத் சாகா. டாக்கா அருகே சிற்றூரில் 1893இல் பிறந்தவர். சிறு மளிகைக் கடைக்காரரின் மகன். தாழ்ந்ததெனக் கருதப்பட்ட சாதியினர் என்பதால், கல்லூரி விடுதியில் உடன் உண்ணச் சில மாணவர் மறுத்தனர். அவர் 1920இல் தந்த சமன்பாட்டைக் கொண்டே, விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் என்று சிசிலியா பெய்ன் அம்மையார் 1925இல் கண்டார்.

அந்த ஹைட்ரஜன் அண்டத்தின் தொடக்கத்தில் உருவானது. நம் உடலின் நீரிலும் உள்ளது. அதில் மேலோர், கீழோர் என்ற பிரிவு இல்லை. படைப்பிலேயே ஏற்றத்தாழ்வு வந்தது என்பார்க்கு இதைவிட என்ன விடை வேண்டும்?

ஆயினும், “இயற்பியல் நம் பிள்ளைகளுக்கு வராது” என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதைப் பிறர் சொல்வதைவிட நாமே சொல்வது கொடிது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை, சிறப்பாகப் பெண் பிள்ளை, அறிவியல் பிரிவை விரும்பினால் தடுக்காதீர்கள். கணக்கில் தடுமாறினால் மாலையில் சொல்லிக் கொடுக்க நம் சங்கத்துப் பட்டதாரிகள் முன்வர வேண்டும். கூலிக்குத் தகடு பார்த்தவரும், கழுதை ஓட்டியவரும், பந்தியில் ஒதுக்கப்பட்டவரும் சேர்ந்தே இந்த அண்டத்தை அளந்தனர். அளக்க வேண்டியது இன்னும் மிகுதியாக உள்ளது. நம் பிள்ளைகளும் அளக்கட்டும்.