எலியாவின் கட்டுரைகள்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

படித்து இன்புற்ற நூலொன்றைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அடியேன் எடுத்துக்கொண்டது 1823-ஆம் ஆண்டில் லண்டனில் வெளியான 'எலியாவின் கட்டுரைகள்'. எலியா என்பது புனைபெயர். ஆசிரியர் சார்லஸ் லாம். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் 1792 முதல் 1825 வரை கணக்கெழுதிய குமாஸ்தா.

பன்றியிறைச்சியைச் சுட்டுண்ணும் வழக்கம் தோன்றிய விகடக் கதை, கடன் வாங்குவோரின் பெருமை, புகைபோக்கி துடைக்கும் சிறுவர்கள்பால் இரக்கம், சீட்டாட்டத்தில் சிரத்தையுள்ள கிழவி என அந்நூலின் பொருள்கள் பலவாம்.

கல்லூரியில் இதனைப் பரீட்சைக்காகப் படித்தேன். மதிப்பெண் கிடைத்தது, இன்பம் கிடைக்கவில்லை. பின்னர் முப்பது ஆண்டுகள் பேரேடுகளோடு கழிந்தன. உத்தியோகத்தினின்று விலகிய பின் பொழுது பெருஞ்சுமையாயிற்று. அப்பொழுது 1833-இல் வெளிவந்த இரண்டாந் தொகுதியைக் கையிலெடுத்தேன். அதில், பென்ஷன் பெற்ற குமாஸ்தா ஒருவர், திடீரென வாய்த்த ஓய்வை என்ன செய்வதென்றறியாது திகைக்கிறார். அடடா! என் நெஞ்சை இவர் எவ்வாறு அறிந்தார் என்று வியந்தேன்.

அவரது வரலாற்றையும் அறிதல் வேண்டும். 1796-இல் அவருடைய தமக்கை மேரி, சித்தப்பிரமையால் பெற்ற தாயையே கத்தியாற் குத்திக் கொன்றுவிட்டாள். அப்பொழுது லாமுக்கு வயது இருபத்தொன்று. தமக்கையைத் தாமே காப்பதாகப் பொறுப்பேற்று, மணம் புரியாமலே, 1834-இல் இறக்கும்வரை அவளைப் பேணினார். நூலிலோ அத்துயரத்தை அவர் எடுத்துரைக்கவில்லை. தமக்கையை 'பிரிட்ஜெட்' என்னும் உறவினளாக்கி, அவளோடு நகைத்துப் பேசுகிறார். 'கனவுக் குழந்தைகள்' என்னும் கட்டுரையில் மட்டும், தமக்குப் பிறவாத மக்களுக்குக் கதை சொல்லி, இறுதியில் விழித்துக்கொள்கிறார். அவ்விடத்தில் என் கண்கள் நிறைந்தன.

அன்பர்களே! இத்தகைய நூலின் இன்பம் பொருள்களின் புதுமையில் இல்லை. அவற்றினூடே ஒரு மனிதரின் தோழமை கிடைப்பதில் உள்ளது. துயரத்தை அறிந்தவர் நகைக்கும்போது, அந்நகைப்பு நமக்கு மருந்தாகின்றது. ஆதலின் ஒரே மூச்சில் படிக்க வேண்டா. இரவிற்கு ஒரு கட்டுரை போதும்.

இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்: என்னைப்போல் பென்ஷன் காலம்வரை காத்திராதீர்கள்.