பத்து லோடு மட்டைக்கு ஒரு லோடு பித்

ஆனைமலை, நெகமம், கிணத்துக்கடவுப் பக்கமிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிற தென்னை விவசாயிகளே!

பொள்ளாச்சியில் நின்றுகொண்டு, தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுக்கிற மஞ்சி மில்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? 1 கிலோ நார் எடுத்தால் ஏறத்தாழ 2 கிலோ பித், அதாவது நார்க்கழிவுத் தூள், விழுகிறது. ஒரு காலத்தில் சாலையோரம் குவித்தோம், கொளுத்தினோம். இன்று கட்டியாக அழுத்திக் கப்பலேற்றுகிறோம். நெதர்லாந்துக் கண்ணாடிக் கூடங்களில் பித்திலும் தக்காளி காய்க்கிறது. நல்ல வருமானம், மறுக்கவில்லை.

ஆனால், உப்புப் போகக் கழுவுகிறோமே, அந்தச் சிவந்த தண்ணீர் எங்கே போகிறது? பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கு! கழிவைக் காசாக்கிவிட்டோம் என்று மார்தட்டுகிறவர்கள் அந்தக் கிணற்றில் ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டுப் பேசட்டும். 2021இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசில்லாத தொழில்களுக்கான வெள்ளைப் பட்டியலிலிருந்து, மாசு கூடிய ஆரஞ்சுப் பட்டியலுக்கு மாற்றியது சும்மா இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. தன் எடையைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் தண்ணீர் பிடிக்கிற பொருளை அனுப்பிவிட்டு, சித்திரையில் டேங்கர் தண்ணீர் வாங்கி மரத்துக்கு விடுகிறோம்.

அதற்காகப் பச்சைப் பித்தை அப்படியே மரத்தடியில் கொட்டிவிடாதீர்கள். அதில் கரிச்சத்து 112 பங்கென்றால் தழைச்சத்து 1 பங்குதான். மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும், மரம் வெளுக்கும். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் எப்போதோ வழி சொல்லிவிட்டது. 1 டன் பித்துக்கு 5 பாட்டில் சிப்பிக் காளான் விதை, 5 கிலோ யூரியா. நிழலில் 100 கிலோ பித்தைப் பரப்பி விதை தூவுங்கள். அதன்மேல் இன்னொரு 100 கிலோ, அதற்கு 1 கிலோ யூரியா. இப்படியே மாற்றி மாற்றி இடுப்பளவு உயர்த்தி, ஈரம் காயாமல் பாருங்கள். பித்தில் எளிதில் மட்காத லிக்னினைக் காளான் உடைத்துவிடும். 60 நாளில் கறுத்துச் சுருங்கும். அந்த 112 பங்கு 24 ஆகிவிடும். யூரியா என்றதும் முன்வரிசையில் சிலர் முகம் சுளிக்கிறீர்கள். கோழி எரு போடுங்கள், பல்லடத்தில் இல்லாததா?

தென்னையைத் தாக்குகிற வேர் வாடல் நோய்க்கு இந்த மட்கிய பித்தே மருந்து என்று நான் சொல்லவில்லை. யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள்.

நான் கேட்பது இரண்டு. மட்டை விலை பேசும்போது, பத்து லோடுக்கு ஒரு லோடு பித் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேசுங்கள். கழுவிய தண்ணீரைத் தொட்டியில் பிடித்துச் சுத்தம் செய்யாத மில்லுக்கு, எவ்வளவு விலை கொடுத்தாலும் ஒரு மட்டைகூடக் கொடுக்காதீர்கள்.