ஆற்றில் கால் வைக்காத பாலம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"வெளிநாட்டு அனுபவம் ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு நாள் பயணத்தைச் சொல்கிறேன்.

வேலை நிமித்தமாக ஆஸ்திரியாவின் வியன்னாவில் இருந்தபோது, ஓர் அக்டோபர் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நாடான ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவாவுக்குப் போனேன். ரயிலில் ஒரு மணி நேரம்தான். கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது! 1989 வரை அந்த எல்லையில் முள்வேலி. தாண்டப் பார்த்து உயிரை விட்டவர்கள் பலர். 2007 டிசம்பரில் எல்லைச் சோதனையை எடுத்தார்கள். அன்று என் பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை.

குளிரென்றால் குளிர்! கரியாலூர் மார்கழிக் குளிருக்கு அண்ணன். காதைப் பொத்திக்கொண்டு டான்யூப் கரைக்கு நடந்தேன். எதிரே 1972-இல் திறந்த பாலம். நடுப்பகுதி மட்டும் 303 மீட்டர். ஆற்றுக்குள் ஒரு தூண் கிடையாது. தென்கரையில் சாய்ந்து நிற்கிற ஒரே கோபுரத்திலிருந்து இரும்பு வடங்கள் மொத்தப் பாரத்தையும் தூக்கிப் பிடிக்கின்றன. கோபுரத்து உச்சியில் பறக்கும் தட்டு மாதிரி ஓர் ஓட்டல். படித்த படிப்புக்கு அர்த்தம் கிடைத்த மாதிரி நின்று பார்த்தேன்.

பிறகு வடகரைக்கு வந்தேன். ஹங்கேரி மன்னர்கள் முடிசூடிய புனித மார்ட்டின் பேராலயத்தின் சுவரை ஒட்டியே பாலத்து ரோடு ஓடுகிறது. அந்த ரோட்டுக்காக யூதர்கள் வாழ்ந்த பழைய தெருக்களை இடித்தார்கள். அவர்களுடைய பெரிய தொழுகைக் கூடமும் 1969-இல் போயிற்று. அந்த மக்களில் பெரும்பாலோரை ஏற்கெனவே உலகப்போர் விழுங்கியிருந்தது. மிச்சமிருந்த அடையாளத்தைப் பாலம் விழுங்கியது. ஆற்றில் கால் வைக்காத பாலம், ஊர் மேல் கால் வைத்துவிட்டது.

தம்பிகளா, நம்ம கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. மலைக்கு ரோடு வேணும், பாலம் வேணும். பிரசவத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அதுதான் வழி. நாளைக்கு அதை அளக்கப் போறவங்க உங்களில் சிலர்தான். வரைபடத்தில் வெறும் இடமாகத் தெரிவது ஒருவருடைய சாமைக் கொல்லையாக இருக்கும், குலதெய்வம் கோயிலாக இருக்கும். கோடு போடும் முன்னால் அந்த மக்களோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத அளவு அவர்களிடம்தான் இருக்கிறது.