நீருக்கும் ஒரு முறை உண்டு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



மணிமேகலை படித்தவர்களுக்குச் சாவகம் என்ற பெயர் புதிதன்று. அமுதசுரபி ஏந்திய ஆபுத்திரன் மறுபிறப்பெடுத்து அரசாண்ட நாடு அது. சாவகத்தை இன்றைய யாவாவோடு இணைத்துப் பார்ப்பது வழக்கம். அந்த யாவாவின் கிழக்கு முனையிலிருந்து ஒரு குறுகிய நீரிணையைக் கடந்தால் பாலித் தீவு. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில், இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள மாகாணம் அது ஒன்றே. ஆயினும் அங்குள்ள கோயில்களைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. ஒரு கிராமத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

தலைநகரான டென்பசாருக்கு வடக்கே மெங்வி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே ஒரு கமக்காரர் வீட்டில் ஒரு விடுமுறைக் காலத்தைக் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நகரத்துக்குப் பக்கத்திலுள்ள இத்தகைய கிராமங்களில் காணி எடுத்து, வீடு கட்டி, வருவோர் போவோருக்கு வாடகைக்கு விட்டு, தாமும் அமைதியாக வாழலாம் என்ற ஆசை இன்று பல நாட்டவருக்கும் உண்டு. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் சிலரும் இதுபற்றி என்னிடம் விசாரித்திருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்றே சிலவற்றைச் சொல்கிறேன்.

நகரிலிருந்து கிராமத்துக்குப் போவதற்கு மோட்டார் சைக்கிள்தான் வழி. பஸ் வரும் என்று காத்திருந்தால் பொழுது போய்விடும். கடைவரிசை முடிந்ததும் வயல், மீண்டும் கடை, மீண்டும் வயல் என்று பாதை நீள்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தென்னோலையில் முடைந்த சிறு தட்டில் பூவும் சோறும் படைத்திருப்பார்கள். அவர்களுடைய புத்தாண்டான நியெப்பியன்று தெருவில் ஆள் நடமாட்டமே இராது; விளக்கும் ஏற்றார்கள்; விமான நிலையம்கூட ஒரு நாள் மூடப்படும். அந்த வீட்டார் என்னைப் 'பக் குரு' என்றே அழைத்தார்கள். ஆசிரியருக்கு அவர்கள் மொழியிலும் குரு என்றே பெயர்.

அக்கிராமத்தின் உயிர்நாடி 'சுபாக்' என்னும் அமைப்பு. ஒரே நீர்மூலத்திலிருந்து தண்ணீர் பெறும் கமக்காரர் அனைவரும் சேர்ந்தது ஒரு சுபாக். ஒருவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்பதைப் பார்ப்பதில்லை. அவருடைய வயலுக்கு எந்த வாய்க்கால் பாய்கிறது என்பதையே பார்க்கிறார்கள். இதன் தலைவருக்குப் பெகாசே என்று பெயர். நமது வட்டவிதானையாரை நினைத்துக்கொள்ளுங்கள். எப்போது விதைப்பது, எப்போது வயலைத் தரிசாக விடுவது, வாய்க்காலைத் துப்புரவு செய்ய யார் யார் வரவேண்டும் என்பனவெல்லாம் கூட்டத்தில் தீர்மானமாகும். வாய்க்கால் பிரியும் இடத்தில் வெட்டுவாய் வைத்த ஒரு மரக்குற்றி கிடக்கும். வெட்டின் அகலம் எவ்வளவோ, அவ்வளவுதான் அவரவர் பங்கு. மடைக்கு மடை ஒரு சிறு சந்நிதியும், அவற்றுக்கெல்லாம் மேலாக நீர்க்கோயில்களும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த அமைப்பை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மெங்வியிலுள்ள தாமான் ஆயுன் கோயிலும் அதில் அடங்கும்.

1970களில் பசுமைப் புரட்சி அங்கே வந்தது. புதிய நெல்லினங்களை ஓயாமல் விதையுங்கள், கோயில் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆளுக்கொரு காலத்தில் விதைத்தார்கள். முதலில் விளைச்சல் கூடியது. பின்னர் தண்ணீர்த் தகராறும் பூச்சியும் எலியும் பெருகின. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியலாளர் இதை ஆராய்ந்து 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். கமக்காரர் கூடி ஒரே காலத்தில் விதைத்து, ஒரே காலத்தில் வயலைத் தரிசாக விட்டால் பூச்சிக்கு இரை கிடைக்காது என்பதை அவர் எடுத்துக்காட்டினார்.

அவருடைய ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்றுண்டு. மேல்மடைக்காரனுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. அப்படியிருக்க, கீழ்மடைக்காரனுக்கு அவன் ஏன் விட்டுக்கொடுக்கிறான்? கொடுக்காவிட்டால் கீழே உள்ளவன் வேறு காலத்தில் விதைப்பான். அவனுடைய வயலில் வளர்ந்த பூச்சி மேலே ஏறி வரும். கீழே உள்ளவனுக்குத் தண்ணீர் வேண்டும். மேலே உள்ளவனுக்குப் பூச்சி வராமலிருக்க வேண்டும். இருவருக்கும் ஒருவரையொருவர் தேவைப்படுகிறது. அறமும் தேவையும் ஒரே வாய்க்காலில் ஓடுகின்றன என்று சொல்லலாம்.

இனி முதலீட்டுக்கு வருவோம். இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு 5ஆம் இலக்கக் காணிச் சட்டத்தின்படி, காணியின் முழு உரிமையை அந்நாட்டுப் பிரசைகளே வைத்திருக்கலாம். உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் உறுதி எழுதி, தனியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு வெளிநாட்டவர் காணி பிடிப்பதுண்டு. அது சட்டப்படி செல்லாது. காணி அரசுக்குப் போய்விடும். வதிவிட அனுமதி பெற்றவர்கள் பயன்பாட்டு உரிமை பெறலாம். 2021ஆம் ஆண்டின் விதிகளின்படி அது முதலில் 30 ஆண்டு, பின்னர் 20, அதன்பின் 30. பெரும்பாலோர் செய்வது குத்தகைதான். 25 ஆண்டுக் குத்தகை சாதாரணம். முழுப் பணத்தையும் முற்கூட்டியே கொடுக்கவேண்டும். அளவு 'ஆரே' என்பது. 100 சதுர மீற்றர். நமது கணக்கில் ஒரு பரப்புக்கு ஏறக்குறைய இரண்டரை ஆரே.

நான் தங்கிய வீட்டாரின் மேல்மடை வயலை அதன் சொந்தக்காரர் அப்படிக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். பேராசையினால் அல்ல. தகப்பனாரின் தகனக் கிரியைக்குச் செலவு. மகளின் படிப்புக்குச் செலவு. பாலியில் ஒரு தகனக் கிரியை குடும்பத்தையே கடனாளியாக்கக் கூடியது. குத்தகைக்கு எடுத்த வெளிநாட்டவர் அழகான வீடு கட்டி, நீச்சல் தடாகமும் அமைத்தார். வயலோரத்து வாய்க்கால் சீமெந்துக் குழாய்க்குள் போய்விட்டது. கீழே வரும் தண்ணீர் குறைந்தது. "அவர் நல்ல மனிதர், பக் குரு. எங்களைக் கண்டால் சிரிப்பார். ஆனால் அவருக்கு எலி வராதே!" என்றார் வீட்டுக்காரர்.

நேயர்களே, இந்த ஒரு வசனத்தில் முழு விடயமும் அடங்கியிருக்கிறது. வீட்டுக்குப் பூச்சி பிடிப்பதில்லை. ஆகவே கீழ்மடைக்காரனோடு ஒத்துப்போக வேண்டிய தேவை மேல்மடையில் இல்லாமற் போகிறது. வந்தவர் கொடியவராக இருக்கவேண்டியதில்லை; நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் விதைப்பதில்லை. சுபாக் கூட்டத்திலும் அவருக்கு இடமில்லை. ஒரு வயல் மறைந்ததாக நாம் நினைக்கிறோம். மறைந்தது ஓர் உறவு.

கிராமத்தவருக்கும் முதலீடு தெரியும். 1984இல் அப்போதைய ஆளுநர் ஐடா பாகுஸ் மந்திராவின் காலத்தில் ஊர்க்கடன் நிலையங்கள் தொடங்கப்பட்டன. சேமிப்பும் கடனும் ஊருக்குள்ளே. இலாபத்தில் ஒரு பங்கு ஊரின் பொது வேலைக்கு. நிருவாகிகள் கையாடல் செய்து முறிந்துபோன நிலையங்களும் உண்டு. ஆனாலும் கடன் வாங்கியவன் ஊர்ச்சபையின் முகத்தில் விழிக்கவேண்டும் என்பது ஒரு பெரிய பிணை. 2020இல் கொரோனாத் தொற்றினால் உல்லாசப் பிரயாணிகள் வராமற்போக, பாலியின் பொருளாதாரம் 9 வீதத்துக்கு மேல் சுருங்கியது. விடுதி வேலையை இழந்து ஊர் திரும்பிய பலருக்கு அன்று கைகொடுத்தது வயல்தான்.

இலக்கிய நிகழ்ச்சியில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பழஞ்சாவக மொழியில் அமைந்த இராமாயணக் காகவினை அங்கே கூடிப் படிக்கிறார்கள். ஒருவர் ஒரு வரியை இசையோடு படிப்பார். மற்றவர் அதன் பொருளைப் பாலி மொழியில் சொல்வார். பிழையென்றால் சபையிலுள்ளவர் தடுத்துக் கேட்பார். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படித்துப் பயன் சொல்லும் அதே மரபு! படிப்பவரும் பயன் சொல்பவரும் மாறி மாறி முறை எடுப்பார்கள். வாய்க்காலில் நான் கண்ட முறைதான் அங்கும் இருந்தது. பாயில் ஓரமாக உட்கார்ந்து கேட்ட என்னிடம், நீ யார், எவர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆகையால் அங்கே போக விரும்புவோருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். ஆரே என்ன விலை என்று கேட்கமுன், இந்தக் காணிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, இதைக் கடந்து யாருடைய வயலுக்குப் போகிறது என்று கேளுங்கள். கட்டடக் காணியாயின் வாய்க்காலைத் திறந்தபடியே விடுங்கள். வயலாயின் அதை ஊராரிடமே விளைவிக்கக் கொடுங்கள். சிரமதானத்துக்கு மண்வெட்டியோடு போங்கள். போக முடியாவிட்டால் ஊர் கேட்கும் பங்கைக் கொடுங்கள். குத்தகை உறுதியில் கையெழுத்து வைக்க நொத்தாரிசிடம் அரைமணி நேரம் போதும். அயலவனாக ஆவதற்கு ஒரு போகமேனும் வேண்டும்.