முள்வேலி முகாமிலிருந்து ஒலிம்பிக் மேடைக்கு: டாமி கோனோவை நினைவுகூர்வோம்

(டிரஸ்ட் உடற்பயிற்சிக் கூடத் திறப்பு நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இந்தக் கூடத்துக்குப் பணம் ஒதுக்கியபோது, "கல்வி உதவிக்குக் கேட்டு இத்தனை பேர் நிற்கும்போது இரும்புக்கு எதற்குச் செலவு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அமானத் பணம் அல்லவா? அதற்குக் கணக்குக் காட்டிப் பதில் சொல்வதைவிட, ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறோம்.

அவர் பெயர் டாமி கோனோ. 1930இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சாக்ரமென்டோ நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். நான்கு ஆண்பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. கடுமையான ஆஸ்துமா. பள்ளிக்கூடம் போன நாளைவிடப் படுத்திருந்த நாள்தான் அதிகம் என்னும்படியான நிலை. பாம்பைப் பொடித்துக்கூடக் கொடுத்துப் பார்த்தார்களாம். பெற்ற மனசு எதைத்தான் விட்டுவைக்கும்?

1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார். மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீட்டையும் கடையையும் விட்டு, முள்வேலி முகாம்களுக்குப் போக நேர்ந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். தனித்தனியாக யாரையும் விசாரிக்கவில்லை. முகமும் பெயரும் போதுமானதாக இருந்தன. கோனோ குடும்பம் டூலி லேக் முகாமுக்குப் போனது. சிறுவனுக்கு அப்போது வயது பன்னிரண்டு ஆகவில்லை.

அந்த வறண்ட காற்று அவருடைய நெஞ்சுக்கு ஒத்துக்கொண்டது. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த பையன்கள் அவர் கையில் டம்பெல்லைக் கொடுத்தார்கள். முகாம் நல்லது செய்தது என்று இதற்கு அர்த்தமில்லை. அநியாயம் அநியாயம்தான். 1988இல் அமெரிக்க அரசே மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் கொடுக்கச் சட்டம் போட்டது. நாம் பார்க்க வேண்டியது, அடைபட்ட இடத்திலும் அந்தப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பதைத்தான்.

கொரியப் போர்க் காலத்தில், தன் குடும்பத்தை வேலிக்குள் வைத்த அதே நாட்டின் இராணுவம் அவரை அழைத்தது. போனார். சமையல்காரராகப் பயிற்சி பெற்றார். கொரியாவுக்கு அனுப்ப இருந்த நேரத்தில், இவர் ஒலிம்பிக்குக்குத் தகுதியான பளுதூக்கும் வீரர் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள்.

1952 ஹெல்சிங்கியில் 67.5 கிலோ எடைப் பிரிவில் தங்கம். 1956 மெல்போர்னில் 82.5 கிலோ பிரிவில் மொத்தம் 447.5 கிலோ தூக்கி மீண்டும் தங்கம். 1960 ரோமில் 75 கிலோ பிரிவில் வெள்ளி. எடையைக் கூட்டியும் குறைத்தும் நான்கு பிரிவுகளில் உலக சாதனை படைத்தவர். பளுதூக்கிப் பழகியவர்களுக்குத்தான் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். அர்னால்டு சுவார்செனேகர் சிறுவனாக இருந்தபோது வியன்னாவில் இவரைப் பார்த்துத்தான் ஆர்வம் கொண்டாராம். முழங்கால் வலிக்கு நீச்சல் உடை ரப்பரில் உறை செய்து மாட்டிப் பார்த்தவரும் இவரே. இன்று ஜிம்மில் எல்லோரும் அதைப் போடுகிறார்கள்.

பிறகு ஹவாயின் ஹானலூலுவில் குடியிருந்து, நகராட்சியின் பூங்காத் துறையில் வேலை பார்த்தார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். மெக்சிகோ, மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு ஒலிம்பிக் அணிகளுக்குப் பயிற்சியாளராக இருந்தவர், மாதச் சம்பளக் குடும்பத் தலைவராகவே வாழ்ந்தார். பளு தூக்கியதால் அவர் செல்வந்தர் ஆகிவிடவில்லை. 2016 ஏப்ரலில் 85 வயதில் காலமானார்.

பணத்தைப் பற்றிக் கேட்ட பெரியவர்களே, நம் தெருவில் இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். பேரைச் சொல்லிச் சந்தேகப்பட்டார்கள் என்று வேலை தேடிப் போன இடத்திலிருந்து மனம் கசந்து திரும்பிய பையன்களையும் தெரியும். அவர்கள் மாலையில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். இந்தக் கூடத்தை அவர்களை நினைத்துத்தான் கேட்டோம். கல்வி உதவி நிதியிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை; வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, யாரும் வந்து பார்க்கலாம்.

கூடம் அஸர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை திறந்திருக்கும். மூச்சுத் தொல்லை உள்ள பிள்ளைகளை டாக்டரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். முதல் வாரம் வாப்பாமார்களும் கூட வந்தால் நல்லது.